குளத்து நீரும் குளிப்போர் நலமும்



நம்மில் நீந்தத் தெரிந்தவர் பலர். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் 'எங்கள் ஊர்க் குளத்தில்' என்றே விடை கூறுவர். எனக்கு நீச்சல் கற்றுத் தந்தது கொச்சி நகரின் தென்பகுதியாகிய பள்ளுருத்தியில் உள்ள ஒரு குளம். என் அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டவர். மட்டாஞ்சேரியில் கடை வைத்திருந்த மாமா, என் ஒன்பதாம் வயதில், இரண்டு காய்ந்த தேங்காய்களைச் சேர்த்துக் கட்டி என் மார்பின்கீழ்க் கொடுத்து, "கையை வீசு, காலை உதை" என்று தண்ணீரில் தள்ளிவிட்டார். அன்று குடித்த குளத்து நீரின் சுவை இன்னும் நாவில் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் அத்தை வீட்டுக்குச் சென்றேன். அத்தையின் பேரனுக்கு வயது ஏழு. "மாமா, எனக்கும் நீச்சல் சொல்லிக் கொடுங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்தான். அத்தை அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். "வேண்டாம்டா தம்பி! மூக்கு வழியே ஏதோ கிருமி ஏறி மூளையைத் தின்கிறதாம். நித்தம் பேப்பரில் வருகிறது. குளத்தை மண்ணைப் போட்டு மூடினால்கூட நல்லது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்" என்றார்.

அத்தையின் அச்சம் வீண் அச்சமா? குளத்தை மூடத்தான் வேண்டுமா? வேதியியல் மாணவனாகிய நான் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப் புகுந்தேன். புகுந்து, முதலில் ஒரு தவறும் செய்தேன். அத்தவற்றையும் அதனால் கற்ற பாடத்தையும் கூறுவதே இக்கட்டுரை.

நான் செய்த தவறு

அக்குளம் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடையது. அஃதாவது 6 லட்சம் லிட்டர் நீர். தெளிந்த கிணற்று நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும் என்று பாடநூல்கள் கூறும். குளமாயிற்றே என்று இருமடங்காகக் கணக்கிட்டு 3 கிலோ வாங்கி, நண்பர் இருவரோடு நடுப்பகலில் கையால் வாரித் தூவினேன். குளோரின் உளதா எனக் காட்டும் சிறு சோதனைப் பெட்டி ஒன்றும் என்னிடம் இருந்தது. குழாயில் நீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருப்பின் மஞ்சள் நிறம் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து நல்ல மஞ்சள். மாலையில் மங்கல் மஞ்சள். மறுநாள் காலையில் நிறமே இல்லை!

ஆனால் வேறொன்று இருந்தது. மானத்துக்கண்ணி என்று அவ்வூரார் அழைக்கும், தலைமீது ஒளிப்புள்ளி உடைய சிறு மீன்கள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தன. படித்துறையில் நின்ற பெரியவர் ஒருவர், "மோனே, கொசுப் புழுவைத் தின்பது இந்த மீனல்லவா? இனி கொசுவை யார் தின்பார்?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

தொட்டி வேறு, குளம் வேறு

பிழை எங்கே? குளத்தை நான் நீச்சல் தொட்டியாக எண்ணியதே பிழை.

நீச்சல் தொட்டியின் தரையும் சுவரும் ஓடு பதித்தவை. அதன் நீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறை மணல் வடிகட்டி வழியே சென்று திரும்ப வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் தனிக் குளோரின் எப்போதும் நீரில் நிற்க வேண்டும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4க்கும் 7.6க்கும் இடையே இருத்தல் நன்று. அது மிக உயர்ந்தால் குளோரினின் வலிமை குன்றும். குளிக்கும் ஒருவருக்கு 2.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். இவை அனைத்தையும் நாள்தோறும் அளந்து எழுதி வைக்க ஓர் ஆளும் வேண்டும். அத்தகைய இடத்தில் குளோரின் சிறந்த காவலன்.

குளத்திலோ சேறு உண்டு, அழுகிய இலை உண்டு, பாசி உண்டு. இடும் குளோரினை எல்லாம் இவை உண்டுவிடுகின்றன. எஞ்சியதை வெயில் அழித்துவிடுகிறது. நிலையாக நிற்கும் அளவுக்கு மேலும் மேலும் கொட்டினால், மீனும் பிற உயிர்களும் மடியும். ஆகவே தொட்டி, மருந்தால் காக்கப்படுவது. குளம், அதில் எது புகுகிறது என்பதைக் கண்காணித்துக் காக்கப்படுவது. நான் கற்ற பாடம் இதுவே.

நோய் வரும் வழி

அத்தை அஞ்சிய உயிரியின் பெயர் நெக்லேரியா பௌலெரி. இஃது ஓர் அமீபா. ஆஸ்திரேலியாவில் பௌலர், கார்ட்டர் என்னும் இரு மருத்துவர்கள் 1965ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதல் விவரித்தனர். வெதுவெதுப்பான நன்னீரிலும் சேற்றிலும் பாக்டீரியாக்களை உண்டு இது வாழும், கடல்நீரில் வாழாது. இந்நீரைக் குடிப்பதால் இந்நோய் வராது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் பரவாது. நீர் மூக்கினுள் வேகமாக ஏறும்போது, மணம் அறியும் நரம்பு வழியே மூளையை அடைகிறது. பெரும்பாலும் ஐந்து நாளளவில், சில வேளை பன்னிரண்டு நாளுக்குள், கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியன தோன்றும். நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் இறந்திருக்கின்றனர் என்பது உலகக் கணக்கு.

கேரளத்தில் 2016இல் ஆலப்புழையில் இந்நோய் முதலில் அறியப்பட்டது. 2024இல் வடகேரளத்தில் சிறுவர் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். அவ்வாண்டு ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். நோயை விரைவில் ஐயுற்று மருத்துவம் தொடங்கியதே காரணம். 2025இல் நோயாளர் தொகை மேலும் உயரவே, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கம் மாநிலமெங்கும் நடந்தது. எனவே அத்தையின் அச்சம் வீணன்று.

ஆயினும், இஃது அரிய நோய். குளத்தில் இதனினும் மிகுதியாக நேர்வன வேறு. வீட்டுக் கழிவு கலந்தால் வயிற்றுப்போக்கு வரும்; எலியின் சிறுநீர் கலந்தால் காலிலுள்ள புண் வழியே எலிக்காய்ச்சல் நுழையும்; செவி, கண், தோல் நோய்களும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, நீந்தத் தெரியாமல் மூழ்கி இறப்போர் தொகை இவ்வமீபாவால் இறப்போரினும் பல மடங்கு. காயலும் வாய்க்காலும் சூழ்ந்த பள்ளுருத்தியில் குளத்தை மூடிவிட்டால், சிறுவர் நீச்சல் கற்பது எங்கே?

காக்கும் வழிகள்

முதலாவது, வெளிநீரைத் தடுத்தல். தெருநீர் ஓடிவந்து விழாதபடி சுற்றிலும் உயர்ந்த கரை வேண்டும். வீட்டுச் சாக்கடையோ மலக்குழிக் கசிவோ சேருமாயின் அக்குளம் குளிப்பதற்கு உரியதன்று. பள்ளுருத்தி போன்ற தாழ்ந்த நிலத்தில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழுவதால் இக்கசிவை மிகவும் கவனிக்க வேண்டும். பெருமழை பெய்து நீர் கலங்கியிருக்கும் நாள்களில் குளியாதிருத்தல் நலம்.

இரண்டாவது, களையும் சேறும் அகற்றல். பள்ளுருத்திக்குத் தெற்கேயுள்ள சேர்த்தலைப் பகுதி யானைக்கால் நோய்க்குப் பேர்போனதாய் இருந்தது. அந்நோயைப் பரப்பும் ஒருவகைக் கொசுவின் புழுக்கள் ஆகாயத் தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு மூச்சு விடுகின்றன. 1980களில் புதுச்சேரியைச் சேர்ந்த கொசுவழி நோய் ஆய்வு மையத்தார் அங்கே சென்று, களையை அகற்றிக் குளங்களில் மீன் வளர்க்குமாறு மக்களைத் தூண்டினர். நோயும் தடுக்கப்படும், மீனும் வருவாய் தரும். இடவப்பாதி மழைக்கு முன், நீர் வற்றிய கோடையிலேயே சேறெடுத்தல் எளிது.

மூன்றாவது, சோதித்தல். நீர் தெளிவாக இருப்பதொன்றே தூய்மைக்குச் சான்றாகாது. குளிப்பதற்குரிய நீரின் 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி எண்ணிக்கை 500க்குள் இருத்தல் விரும்பத்தக்கது. 2500ஐக் கடத்தலாகாது என்பது நம் நாட்டு அளவு. கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் வேண்டும். ஆயினும் இச்சோதனை அமீபாவைக் காட்டாது என்பதை நினைவிற் கொள்க.

நான்காவது, குளிப்போர் ஒழுக்கம். வெளியே உடலைக் கழுவிக்கொண்டு இறங்குக. வயிற்றுப்போக்கோ புண்ணோ உள்ளவர் இறங்கலாகாது. சோப்பும் துணியும் மாடும் குளத்துக்கு வேண்டா. நீர் குறைந்து சூடேறிய காலத்தில் குதித்தலையும் மூழ்குதலையும் சேற்றைக் கிளறுதலையும் விடுக. தலையை நீருக்கு மேல் வைத்தே நீந்துக. மூக்கை அடைக்கும் கவ்வி அணிக. குளித்த இரு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், 'குளத்தில் குளித்தேன்' என்று மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. அச்சொல்லே உயிர் காக்கக்கூடும்.

இவற்றை எல்லாம் அத்தையிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "சாக்கடைத் தண்ணீர் வருகிற வழியை முதலில் அடையுங்கள். பிறகு பார்க்கலாம்" என்றார். வடமூலையில் ஒரு வீட்டுக் குழாய் குளத்தை நோக்கித் திறந்திருந்ததை நான் மூன்று வாரமாகக் காணவில்லை, அத்தை கண்டிருக்கிறார்! பிளீச்சிங் பவுடரைச் சுமந்து சென்ற எனக்கு அது நல்ல பாடம். அவ்வீட்டாரோடு பேசி, குழாயைத் திருப்ப எட்டு நாள் ஆயிற்று. சேறெடுக்கும் வேலை இன்னும் இருக்கிறது. அது முடியும் வரை சிறுவனைக் குளத்தில் இறக்குவதில்லை என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோழர்களே, நீங்களும் விடுமுறைக்கு ஊர் செல்வீர்கள். உங்கள் குளத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நீரைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பாருங்கள்.