கொப்பி பண்ணிய கணக்கு சரிதானா?

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு லொறியில் ஏலமும் மிளகும் அனுப்பும்போது மூடைகளை எண்ணி, நிறை போட்டு, துண்டில் எழுதி அனுப்புகிறோம். இறக்குமிடத்தில் மறுபடி எண்ணிய பிறகுதான் கையெழுத்து. ஆனால் ஒரு வருடக் கணக்கையே பென் ட்ரைவில் அனுப்பும்போது யாராவது எண்ணிப் பார்க்கிறோமா?

நான் பார்க்கவில்லை. கடைக் கணக்கைக் கொப்பி பண்ணிவிட்டு, அவசரத்தில் பென் ட்ரைவைப் பிடுங்கினேன். பெயரும் சரி, அளவும் சரி என்று கணனி காட்டியது. மூலத்தை அழித்துவிட்டேன். கண்டியில் கணக்காளர் திறந்தபோது கடைசி ஒன்பது நாட்கள் வெறுமை. அந்த நாட்களில் ஏலம் தந்து, காசைப் பிறகு எடுப்பதாகச் சொன்ன ஒருவர் வந்து நின்றார். "உங்கள் பெயரில் ஒன்றுமில்லையே" என்றேன். "நான் பொய் சொல்வேனா நானா?" என்றார். பில் புத்தகத்தை எறியாமல் வைத்திருந்ததால் அவர் காசும் என் மானமும் தப்பின.

இதற்கு வழி 'செக்சம்' எனும் சரிபார்ப்பு எண். இது நமக்குப் புதிதல்ல. இலங்கையில் பதிவான 479 என்று தொடங்கும் பார்கோடைப் பாருங்கள். முதல் 12 இலக்கங்களையும் மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். அந்தத் தொகை அடுத்த பத்தை எட்ட எது தேவையோ, அதுவே 13ஆவது இலக்கம். வெறுமனே கூட்டினால் 47ஐ 74 என்று எழுதினாலும் 11தான் வரும். பெருக்கிக் கூட்டினால் 25, 19 என்று பிழை வெளிப்படும்.

கோப்புகளுக்கு எஸ்.எச்.ஏ.-256 என்ற முறை உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் தரும். ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். 1991இல் உருவான எம்.டி.5 தற்செயலான பிழையைக் காட்டும். ஆனால் 2004இல் வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே அடையாளம் வரச் செய்து காட்டிவிட்டார்கள். மோசடியைப் பிடிக்க அதை நம்ப வேண்டாம்.

இணையத்தில் செல்லும் பொதிகளுக்கும் சிறு சரிபார்ப்பு உண்டு. அது வழிக்காவல் மட்டுமே. வந்து சேர்ந்த பின் வட்டில் எழுதும்போது நேரும் பிழையை அது அறியாது.

செய்ய வேண்டியவை:

1. செவன்-சிப் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் இந்த அடையாளத்தை எடுக்கலாம். முதலில் மூலக் கோப்பில் எடுத்து எழுதி வையுங்கள்.

2. பென் ட்ரைவை முறைப்படி கழற்றி, மறுபடி செருகிய பின் கொப்பியில் எடுங்கள்.

3. தூரத்துக்கு அனுப்பினால், அடையாளத்தைக் கோப்போடு சேர்த்து அனுப்பாமல் டெலிபோனில் வாசித்துக் காட்டுங்கள்.

4. இரண்டும் பொருந்தும்வரை மூலத்தை அழிக்காதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பிழையைக் காட்டும், திருத்தாது. நாமே தவறாக எழுதிய கணக்குக்கும் அழகான அடையாளம் ஒன்றைத் தரும். ஆகவே பில் புத்தகம் மேசையிலேயே இருக்கட்டும்.