பருத்த உடலும் பயிற்சிக் கூடமும்

இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்னும் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். உயர்குடியினரின் இறுதிச் சடங்குகளுக்கு வேண்டுவன அனைத்தையும் அமைத்துக் கொடுப்பது அவர்தம் குடும்பத் தொழில். 1852-ஆம் ஆண்டில் வெல்லிங்டன் கோமகனின் இறுதி ஊர்வலத்திற்கு ஏற்பாடு செய்தது அக்குடும்பமே. செல்வமும் மதிப்பும் ஒருங்கே பெற்றிருந்தும் அப்பெரியவர் மனநிறைவோடு வாழவில்லை. அதற்குக் காரணம் அவர்தம் உடற்பருமன். ஐந்தடி ஐந்தங்குல உயரமே உடைய அவர், 1862-ஆம் ஆண்டில் 202 இராத்தல், அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடை கொண்டிருந்தார். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டிக்கொள்ள அவரால் இயலவில்லை. மாடிப்படிகளில் இறங்கும்போது கணுக்காலும் முழங்காலும் அதிராவண்ணம் பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவார்.

உடல் வருத்தத்தினும் அவரைப் பெரிதும் வாட்டியது பிறர் வாய்ச்சொல். பொது அவையிலும், வண்டியிலும், தெருவிலும் தம்மைக் கண்டோர் கூறிய ஏளன மொழிகள் தம்மைப் புண்படுத்தியதை அவர் மறைக்கவில்லை. 1863-ஆம் ஆண்டில் உடற்பருமனைப் பற்றித் தாமே எழுதி அச்சிட்டு வழங்கிய சிறு நூலில் அதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். பருத்தவர் பொது இடங்களுக்குச் செல்லாது ஒதுங்குவதன் காரணத்தை அந்நூல் நன்கு புலப்படுத்துகின்றது. ஒதுங்க ஒதுங்க நடை குறையும். நடை குறையக் குறையப் பருமன் மிகும். நகைப்பவர் இதனை அறியார்.

பாண்டிங் முயற்சியற்றவர் அல்லர். உடலை உழைப்பில் ஈடுபடுத்துமாறு மருத்துவ நண்பர் ஒருவர் கூற, அவர் விடியற்காலையில் இரண்டு மணிநேரம் ஆற்றில் படகு வலித்து வந்தார். தசைகள் உரம் பெற்றன. ஆயின் அவற்றோடு பெரும்பசியும் பிறந்தது. பசிக்கேற்ப உண்டார், எடை குறைவதற்கு மாறாகக் கூடிற்று! நண்பரே அப்பயிற்சியைக் கைவிடச் சொல்லும் நிலை ஏற்பட்டது. பின்னாளில், காது கேளாமைக்காக அவர் நாடிச் சென்ற வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர், ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு பணித்தார். ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 46 இராத்தல் எடை குறைந்தது. பாண்டிங்கின் சிறுநூல் பல நாடுகளிலும் பரவியது. சுவீடன் நாட்டு மொழியில், எடை குறைய உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் சொல் இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்த 'பாண்டா' என்பதே.

இவ்வரலாற்றைப் படிப்போர், பருத்தவர்க்குப் பயிற்சியால் பயனில்லை என்று முடிவு செய்துவிடுதல் கூடும். அது பிழை. ஆயினும் இதில் அடங்கியுள்ள கணக்கை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் சேமிப்பாக உள்ளது. 90 கிலோ எடையுடைய ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். அவ்வளவில் ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஐம்பது நாட்களுக்கு மேல் வேண்டும். அதுவும் உணவு முன்னையினும் மிகாதிருந்தால்தான். நடந்து வந்த களைப்பில் வழியிலுள்ள கடையில் இரண்டு வடைகளை உண்டுவிட்டால், அன்றைய கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். எடையைக் குறைப்பதில் உணவின் பங்கே பெரிது. அங்ஙனமாயின், பயிற்சி எதற்கு? இவ்வினாவிற்கு விடை தந்தவை அதே இலண்டனில் ஓடிய பேருந்துகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், மாரடைப்பு எத்தொழிலினரை மிகுதியாகத் தாக்குகின்றது என்று ஆராயத் தொடங்கினார். இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகள் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் போல் அமைந்தன. ஒவ்வொரு பேருந்திலும் இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் தம் வேலை நேரத்தில் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காகக் கீழ்த்தளத்திற்கும் மேல்தளத்திற்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ அறுநூறு படிகள் ஏறினார். ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒத்த வாழ்க்கை. எனினும் இதயநோய் நடத்துநர்களை ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே தாக்கியது. மாரடைப்பு நேர்ந்த உடனே இறந்தவர்களின் தொகையும் நடத்துநர்களிடையே பெரிதும் குறைவு. தபால் துறையிலும், நடந்தும் மிதிவண்டியில் சென்றும் தபால் வழங்கியோர், அமர்ந்து பணிபுரிந்தோரைவிட நலமுற்று இருந்தனர். 1953-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஐயம் ஒன்று எழுந்தது. பருத்தவர்களே ஓட்டுநர் வேலையை நாடியிருக்கலாம் அன்றோ? நோய்க்குக் காரணம் அமர்ந்திருத்தலா, பருமனா? மாரிஸ் இதற்குத் தேடிய சான்று வியப்பிற்குரியது. பேருந்துப் பணியாளர்க்கு நிறுவனம் சீருடை தைத்துக் கொடுத்தது. ஆதலின் ஒவ்வொருவரின் இடுப்பளவும் பதிவேட்டில் இருந்தது! 1956-ஆம் ஆண்டில் அவ்வளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தமை உண்மையே எனத் தெரிந்தது. ஆயின் மெலிந்தோர், இடைப்பட்டோர், பருத்தோர் என வகைப்படுத்தி நோக்கியபோது, ஒவ்வொரு வகையிலும் நடத்துநர்களே மாரடைப்பால் திடீரென இறக்கும் இடரிலிருந்து மிகுதியும் தப்பினர். பருத்த நடத்துநர், பருத்த ஓட்டுநரைவிட நலமுடையவராக இருந்தார். இடை குறையாவிடினும் இயங்கும் உடல் பயன்பெறுகின்றது என்பதற்குத் தையற்காரரின் பதிவேடு சான்றாயிற்று. மாரிஸ் 99 ஆண்டுகள் வாழ்ந்து 2009-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி, பருத்த உடலினர் ஒருவர் பயிற்சிக் கூடத்திற்குள் முதன்முதலாக நுழைவதைக் காண்போம். கண்ணாடி பதித்த சுவர்கள். கட்டுடல் வாய்ந்த இளைஞர்கள். பெயர் தெரியாத பொறிகள். அனைவரும் தம்மையே நோக்குவதாக அவருக்குத் தோன்றும். உண்மையில் அவர்களுட் பலர் கண்ணாடியில் தம்மையே நோக்கிக்கொண்டிருப்பர்! எனினும் அந்நாணம் பொய்யானது அன்று. முதல் நாளோடு திரும்பிச் சென்றவர் பலர். தக்க ஆசிரியர் வாயிலிலேயே அவரை எதிர்கொண்டு, கூட்டம் குறைந்த வேளையைக் குறித்துக் கொடுத்து, எளிய பயிற்சி ஒன்றை முடித்தபின் அனுப்புவார். முதல் நாளிலேயே வியர்க்க விறுவிறுக்க வாட்டி எடுப்பது ஆசிரியரின் திறமைக்கு அடையாளம் ஆகாது.

அளவறிந்து தொடங்குதல் என்னும் இக்கருத்தை நன்கு உணர்ந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர். அவர் 1865-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் பொறிகளால் ஆகிய பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். நெம்புகோல்களிலுள்ள எடைகளை நகர்த்தி, நோயாளிக்கும் சிறுவனுக்கும் வலிமையுடையவனுக்கும் வெவ்வேறு அளவில் எதிர்ப்பை அமைக்கும் வகையில் அப்பொறிகள் செய்யப்பட்டிருந்தன. இன்றைய கூடங்களிலுள்ள பொறிகளுக்கு அவை முன்னோடிகள். நம் நாட்டுச் சிலம்பக் கூடங்களிலும் மல்யுத்தக் களங்களிலும் பொறிகள் இல்லை; தண்டாலும், பஸ்கியும், கர்லாக்கட்டையுமே கருவிகள். ஆயினும் மாணாக்கனின் ஆற்றலை அறிந்தே ஆசான் எண்ணிக்கையைக் கூட்டுவார்.

பருத்தவர் சில அடிகள் ஏறியவுடன் மூச்சு வாங்குவதைக் கண்டு அவரைச் சோம்பேறி என்பர் சிலர். முப்பது கிலோ அரிசி மூட்டையைச் சுமந்து அச்சிலர் அப்படிகளில் ஏறிப் பார்த்தல் நன்று. கூடுதல் எடையை இரவும் பகலும் சுமந்து திரிவதனால், பருத்தவரின் காற்றசைகள் பலவேளைகளில் வலிமை மிக்கனவாகவே இருக்கும். குறை உள்ளது இதயத்தின் பழக்கத்தில். பழக்கமற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளிச்செலுத்தும் குருதியின் அளவு சிறிது. ஆதலின் தசைகள் உயிர்வளியைக் கூடுதலாகக் கேட்கும்போது, அது துடிப்பின் எண்ணிக்கையை விரைந்து கூட்டுகின்றது. சில வாரப் பயிற்சிக்குப் பின் உடலிலுள்ள குருதியின் அளவு பெருகி, ஒரு துடிப்பில் செல்லும் குருதியும் மிகுகின்றது. முன்பு திணறச் செய்த அதே நடை பின்பு எளிதாகின்றது. நடக்கும் வேகம் தக்கதா என்று அறியக் கருவி வேண்டுவதில்லை. அருகில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. அதுவே நடுத்தர வேகம்.

முழங்காலைப் பற்றித் தனியே சிந்தித்தல் வேண்டும். சமதரையில் நடக்கும்போதே உடலெடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் விழுகின்றது. ஓடினால் இன்னும் மிகும். ஆகவே தொடக்கத்தில் ஓட்டமும் குதித்தலும் வேண்டா. நடை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் மிதிவண்டி, நீச்சல் ஆகியவை ஏற்றவை. முழங்கால் மூட்டு நோயுடைய பருத்த முதியோரை ஆராய்ந்தவர்கள், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகின்றது எனக் கண்டனர். பாண்டிங் பின்னோக்கி இறங்கியதன் காரணம் இக்கணக்கில் உள்ளது.

முதல் நாள் கடந்துவிட்டது. இரண்டாம் நாள் காலையில் தொடையும் தோளும் வலிக்கின்றன. தொடங்கியவர் பலர் பின்வாங்குவது இவ்விடத்தில்தான். தசையில் அமிலம் தேங்கியதால் வலிக்கின்றது என்று பலரும் கூறுவர். அவ்வமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணிநேரத்திலேயே நீங்கிவிடும். பழக்கமற்ற வேலையால், குறிப்பாகச் சுமையை மெல்ல இறக்கும் செயலால், தசைநார்களில் நேரும் மிகச் சிறிய சிதைவுகளே இவ்வலிக்குக் காரணம். ஒன்று முதல் மூன்று நாட்களில் அது மிகுந்து பின்னர்த் தானே தணியும். அதே பயிற்சியை மறுமுறை செய்யும்போது வலி பெரிதும் குறைந்திருக்கும். இதனை முன்கூட்டியே அறிந்தவர் அஞ்சார். ஆனால் மார்பில் வலி, தலைச்சுற்றல், மூட்டில் வீக்கம் ஆகியவை வேறு வகையின. அவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். சர்க்கரை நோய், மிகுந்த குருதி அழுத்தம் முதலியன உடையவர் தொடங்குமுன்னரே மருத்துவரைக் கண்டு வருதல் நலம்.

எடை தூக்கும் பயிற்சியும் பருத்தவர்க்கு உரியதே. முதற்சில வாரங்களில் அவர் தூக்கும் எடை வியக்கத்தக்க வகையில் கூடும். அதற்குள் தசை பெரிதாகிவிடவில்லை. நரம்புகள் தசையை ஒழுங்காக ஏவக் கற்றுக்கொண்டன, அவ்வளவே. வயிற்றைக் கரைக்க வயிற்றுப் பயிற்சி மட்டும் போதும் என்பது மக்களிடையே வேரூன்றிய மற்றொரு தவறான எண்ணம். படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுப்படுத்தும். அதன்மேல் படிந்த கொழுப்பைத் தேர்ந்தெடுத்துக் கரைக்காது.

கூடத்தின் மூலையில் எடை பார்க்கும் பொறி நிற்கின்றது. புதியவர்க்குப் பெரும் ஏமாற்றத்தை அளிப்பது இதுவே. வலிகண்ட தசைகள் நீரைத் தேக்கிக்கொள்வதனால், தொடக்கத்தில் எடை சிறிது கூடுதலும் உண்டு. அவ்வெண்ணை மட்டும் நாள்தோறும் நோக்குபவர் மனம் உடைந்து போவார். பொறி காட்டாத மாற்றங்கள் பல. இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கின்றது. வயிற்றறையினுள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் தீங்கு மிக்க கொழுப்பு, எடை மாறாதபோதும் குறைகின்றது. ஆகையால் பொறியினும் நம்பத்தக்கது ஒரு குறிப்பேடு: எத்தனை நிமிடம் நடந்தார், எத்தனை படி ஏறிய பின் மூச்சு வாங்கியது, இடுப்புக் கச்சையை எந்தத் துளையில் பூட்டினார் என்பனவற்றை நாளிட்டு எழுதி வைத்தல்.

வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை நடுத்தரப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும், வளரும் பருவத்தினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் இயங்க வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஒரே முறையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் பயன் என்னும் பழைய விதியை அது நீக்கிவிட்டது. வளரும் சிறுவர் எடையைக் குறைப்பதற்காக உணவை ஒழித்தல் தீது. எலும்பும் தசையும் வளரும் காலம் அது. கூடத்திற்குக் கட்டணம் செலுத்த இயலாத மாணவனுக்குப் பள்ளியின் மாடிப்படி இருக்கின்றது. கயிறும், மிதிவண்டியும், மாலையில் ஒழிந்து கிடக்கும் விளையாட்டிடமும் இருக்கின்றன. பந்தாட்டத்திற்கு அணி பிரிக்கும்போது பருத்த சிறுவனைக் கடைசியாகத் தேர்ந்தெடுத்துக் காவல் நிற்க விடுவது பல பள்ளிகளில் வழக்கம். அவனும் பந்தின் பின்னே ஓடவேண்டியவன். அவனை எங்கே நிறுத்துவது என்பது அணித்தலைவன் கையில் உள்ளது.