அமுக்குவானும் கட்டுவிரியனும்



"ராத்திரி அமுக்குவான் அமுக்கிடுச்சு" என்று வல்லத்திராக்கோட்டைப் பக்கம் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது கைப்பேசியிலும் தூக்கத்தைப் பற்றிப் பயமுறுத்தும் செய்திகள் வருகின்றன. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்ப்போம்.

அமுக்குவான் என்பது என்ன?

கனவு காணும் நேரத்தில் கை கால் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடினாலும் பாயை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். சில வேளை தசைகள் இயங்குமுன் மனம் விழித்துக்கொள்ளும். அசைய முடியாது, மார்பில் யாரோ உட்கார்ந்தது போலிருக்கும். இது சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானே விலகிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை, மந்திரிக்கத் தேவையில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். நேரத்தோடு படுத்து, ஒருக்களித்துத் தூங்குங்கள்.

ஆபத்தானவை எவை?

1. விலகாத அமுக்கம்: கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியும் இராது, பல் தடமும் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை தோன்றும். இதைப் பேய் என்று நினைத்து விபூதி போட்டுக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்க விடாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நஞ்சுமுறிவு மருந்தே உயிர் காக்கும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு.

2. ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுந்து, வாய் கோணினால் அது பக்கவாதம். இதற்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது.

3. குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி மீண்டும் வருவது: "மனுஷன் அசந்து தூங்குறாரு" என்று சிரித்து விடாதீர்கள். தொண்டை அடைபட்டு, மூச்சு பத்து விநாடிக்கு மேலும் நிற்கலாம். கவனிக்காவிட்டால் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரக்கூடும். பகலில் கண் சொக்கி, வண்டி ஓட்டும்போது விபத்தும் நேரலாம். இவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை உண்டு. உடல் எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதும் உதவும்.

நினைவில் வையுங்கள்: நிமிடத்தில் விலகினால் அமுக்குவான், விலகாவிட்டால் ஆஸ்பத்திரி!