மது விலக்கும் நண்பர் வட்டமும்

(இல்லறத்தார் ஒழுக்கப் பாடம்)

விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையில் தமிழ்நாட்டு எல்லையும் புதுவை எல்லையும் மாறி மாறி வருவதை வாசகர்கள் பலர் கண்டிருக்கக்கூடும். தெற்கே பாகூர்ப் பகுதியிலும் அதே நிலைதான். எல்லை வந்துவிட்டது என்பதை ஊர்ப்பலகைக்கு முன்பே அறிவித்து விடுபவை சாலையோர மதுக்கடைகள்.

வில்லியனூர் தேர்த் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற ஊர். பாகூர் பெரிய ஏரிக்கும் நெல்வயல்களுக்கும் பெயர் பெற்ற ஊர். இன்று இப்பகுதிகளிலுள்ள தொழிற்பேட்டைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெளியூர் இளைஞர்கள் பலர் வந்து தங்குகின்றனர். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்து ஊர்களில் பிறந்த நம் பிள்ளைகளுக்கும் இவ்வழி புதியதன்று. வீட்டில் மதுவின் வாடையையே அறியாமல் வளர்ந்த பிள்ளை, வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நண்பர்களுடன் மதுக்கூடத்து மேசையில் அமர நேரிடுகிறது. சம்பளம் உயர்ந்தால் விருந்து. புது வண்டி வாங்கினால் விருந்து. மேலாளர் மாற்றலாகிச் சென்றால் விருந்து. அங்கே அவன் என்ன செய்ய வேண்டும்? 'குடிக்காதே' என்று சொல்லி அனுப்பிய நாம், 'குடிப்போர் நடுவே எப்படி இருப்பது' என்று சொல்லித் தந்தோமா? இப்பாடம் அதைப் பற்றியது.

எல்லைக்கு அப்பால் நின்ற மது

இந்தப் பகுதியில் மது மலிந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்பொழுது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மதுவிலக்கு அங்கே செல்லாது. 1954இல் ஆட்சி மாறிய பின்னும் புதுவைக்குத் தனிச் சட்டம், தனி வரி என்ற நிலை தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பிறகு மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. புதுவையிலோ தனியார் மதுக்கடைகளும், உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் உள்ளன.

ஆகவே, ஒருபுறம் விலக்கி வைத்த பொருள் மறுபுறம் காத்திருந்தது. எல்லைக்கோடு சாலையில் இருக்கும்வரை அதைத் தாண்டுவது எளிது. அது மனத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் ஆசாரியர்கள் காட்டிய வழி.

துவாரகை தந்த படிப்பினை

ஜினசேனாசாரியர் கி.பி. 783இல் இயற்றிய ஹரிவம்ச புராணத்தில் வரும் துவாரகையின் அழிவை நாம் அறிவோம். மதுவினாலும் துவைபாயன முனிவராலும் நகரம் அழியும் என்று நேமிநாத சுவாமி முன்னரே உரைக்கிறார். உடனே நகரிலிருந்த மதுவெல்லாம் அப்புறப்படுத்தப்பட்டுக் காட்டில் கொட்டப்படுகிறது. அது பாறைக் குழிகளில் தேங்கிக் கிடக்கிறது. ஆண்டுகள் கழிகின்றன. காட்டில் விளையாடிக் களைத்து நீர்வேட்கை கொண்ட யாதவ இளைஞர்கள் அதைக் கண்டு பருகுகின்றனர். மதி மயங்கித் தவத்திலிருந்த முனிவரைக் கல்லால் அடிக்கின்றனர். அவர் கொண்ட சினம் நகரையே எரிக்கிறது.

இக்கதையில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவ்விளைஞர்கள் கெட்ட எண்ணத்தோடு மதுவைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். களைப்பும் கூட்டமும் சேர்ந்த வேளையில் எதிர்ப்பட்டதைப் பருகியவர்கள். முதன்முதலாகக் குடிப்பவரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. ஆசையைவிடக் கூச்சமே அவரைக் குடிக்க வைக்கிறது. 'நான் மட்டும் தனியாகத் தெரிகிறேனே' என்ற கூச்சம் அது.

மூலகுணமாக வைத்த காரணம்

இல்லறத்தாருக்குரிய எட்டு மூலகுணங்களைச் சமந்தபத்திராசாரியர் கள், ஊன், தேன் ஆகிய மூன்றின் விலக்கோடு ஐந்து அணுவிரதங்களையும் சேர்த்து எண்ணுவார். அமிர்தசந்திராசாரியர் அம்மூன்றோடு அத்தி, ஆல், அரசு முதலிய ஐவகைப் பழங்களின் விலக்கைச் சேர்ப்பார். பட்டியல் வேறுபட்டாலும் இரண்டிலும் முதலில் நிற்பது மது விலக்கே.

காரணம் இரண்டு. முதலாவது, புளிக்கும் பொருளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன. பனை மரத்தில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் கிடைக்கிறது. தடவாவிட்டால் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் பெருகிச் சில மணி நேரத்தில் அதுவே கள்ளாகிறது. இரண்டாவது, மது மனத்தை மயக்குகிறது. மயங்கிய மனம் அறத்தை மறக்கிறது. அறத்தை மறந்தவன் கூசாமல் இம்சை செய்கிறான் என்பது அமிர்தசந்திரரின் விளக்கம். மற்ற விரதங்களைக் காப்பதற்கு விழிப்பு வேண்டும். அந்த விழிப்பையே மது பறித்துவிடுவதால்தான் அதை முதற்படியிலேயே விலக்கச் சொன்னார்கள்.

'பீர் ஒன்றும் செய்யாது' என்று புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. 30 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 10 கிராம் சாராயச் சத்து உள்ளது. 5 விழுக்காடு வலிமையுள்ள 650 மில்லி பீர்ப் புட்டியில் ஏறத்தாழ 25 கிராம். 8 விழுக்காடு வலிமையுள்ளதாயின் 40 கிராம். அதாவது, ஒரு வலிய பீர் நான்கு சிறு அளவுப் பிராந்திக்குச் சமம். 1988இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது.

நழுவும் நான்கு படிகள்

சாமாயிகத்தில் நாம் ஓதும் அமிதகதி ஆசாரியரின் பாடத்தில், விரதம் குலையும் நிலைகள் நான்காகக் கூறப்படுகின்றன. மதுக்கூடத்து மேசையில் அவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

அதிக்கிரமம்: மனத்தூய்மை குறைதல். 'ஒருநாள் குடித்தால் என்ன?' என்று உள்ளம் நினைக்கத் தொடங்குவது.

வியதிக்கிரமம்: ஒழுக்க வேலியைத் தாண்டுதல். 'சும்மா ஊற்றி வையுங்கள்' என்று கிண்ணத்தைத் தன் முன்னே வாங்கி வைத்துக்கொள்வது.

அதிசாரம்: விலக்கிய பொருளில் புகுதல். ஒரு வாய் பருகிவிடுவது.

அநாசாரம்: அதிலேயே பற்றுக் கொண்டு தடையின்றி ஈடுபடுதல். அடுத்த விருந்து எப்போது என்று காத்திருப்பது.

முதற்படியில் திரும்புவது எளிது. நான்காம் படியில் திரும்புவது மிக அரிது. எனினும் எந்தப் படியிலும் திரும்ப வழி உண்டு என்பதனாலேயே ஆசாரியர்கள் இவற்றைப் பிரித்துக் காட்டினர்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை

அழைப்பைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பதே நன்று. தவிர்க்க இயலாதபோது பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளலாம்.

1. முதலிலேயே சொல்லிவிடுக. புட்டி திறந்தபின் சொல்லும் மறுப்பைவிட, அழைக்கும்போதே 'வருகிறேன் ஐயா, ஆனால் நான் குடிப்பதில்லை' என்று சொல்வது இருவருக்கும் சங்கடமற்றது.

2. சொல்லைத் தேர்ந்தெடுக்க. 'எனக்குப் பழக்கமில்லை' என்றால், 'இன்றைக்குப் பழகிக்கொள் தம்பி' என்பார்கள். 'நான் குடிப்பதில்லை' என்பது முடிந்த பேச்சு. புன்னகையோடு ஒருமுறை சொல்லுக. மீண்டும் வற்புறுத்தினால் அதே சொல்லை அதே குரலில் சொல்லுக. விளக்கம் நீண்டால் வாதம் நீளும்.

3. பொய்க் காரணம் வேண்டா. 'மருந்து சாப்பிடுகிறேன்' என்பது அன்றைக்குக் காப்பாற்றும். மருந்து முடிந்த மறுவாரம் அழைப்பு மீண்டும் வரும். ஒரு விரதத்தைக் காக்க வாய்மை விரதத்தை விடுவது முறையன்று. மெய்யான காரணமே நம்மிடம் இருக்கிறது. இரவுணவு கொள்ளாதவர் அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

4. கையில் நம்முடையது ஒன்று இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோ சோடாவோ தண்ணீரோ நாமே கேட்டு வாங்கி, நம் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்புக் குளிர்பானத்தை மது போலக் காட்டிக்கொள்வது வேண்டா. அது பொய்த்தோற்றம், கிண்ணம் மாறிப்போகும் இடரும் உண்டு. வறுத்த பண்டங்கள் புலால் பொரித்த எண்ணெயில் வந்திருக்கலாம் என்பதும் கருதத் தக்கது.

5. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றையும் நினைக்க. குடிக்காதவன் பிறர் கிண்ணத்தில் ஊற்றித் தருவதும், மதுவுக்கான பங்குப் பணம் கொடுப்பதும், 'இன்னும் ஒன்று போடு' என்று ஊக்குவதும் விரதத்துக்கு மாசு. தன் உணவுக்கும் பொது உணவுக்கும் உரிய பணத்தைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். கஞ்சன் என்ற பெயர் வராது.

புதுவையில் வாழ்வோர்க்கு இந்த ஐந்தாம் கருத்து வேறொரு வகையிலும் பொருந்தும். 'வரும்போது இரண்டு புட்டி வாங்கி வா, அங்கே விலை குறைவுதானே' என்று தமிழ்நாட்டு நண்பர்களும், சில வேளைகளில் உறவினர்களும் கேட்பதுண்டு. தான் தொடாத பொருளைப் பிறருக்குச் சுமந்து செல்வது செய்வித்தல் ஆகும். உரிய அனுமதியின்றி எல்லை தாண்டி மது கொண்டு செல்வது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமும் ஆகும். மாமாவே கேட்டாலும் 'மன்னியுங்கள் மாமா, இதை மட்டும் என்னால் செய்ய இயலாது' என்று பணிவோடு மறுக்கலாம்.

குடிப்போரிடம் கொள்ளும் மனநிலை

விரதம் காப்பவருக்கு வரும் மறைவான இடர் செருக்கு. 'நான் தூயவன், இவர்கள் கெட்டவர்கள்' என்ற எண்ணம் மானக் கஷாயம். குடிக்காமல் அமர்ந்து உள்ளத்தில் பிறரை இகழ்ந்துகொண்டிருப்பவர் ஒரு கட்டிலிருந்து தப்பி மற்றொரு கட்டில் சிக்குகிறார்.

தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளைச் சொல்கிறது. எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரிடம் உவகை, துன்புறுவோரிடம் இரக்கம், சொல் கேளாதாரிடம் நடுநிலை. நான்கும் அந்த ஒரே மேசையில் தேவைப்படும். சிரித்துப் பேசும் தோழனிடம் நட்பு. நம்மைக் கேலி செய்வோரைத் தடுத்து 'அவரை விடுங்கள்' என்று சொல்லும் ஒருவரிடம் உவகை. தள்ளாடுவோரிடம் இரக்கம். கேலியை நிறுத்தாதவரிடம் நடுநிலை.

இரக்கம் செயலாக வேண்டிய நேரம் விருந்து முடியும் வேளை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருக்க வண்டி ஓட்டுவது குற்றம்; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எலுமிச்சையோ காப்பியோ போதையை விரைந்து இறக்காது. உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கிராம் அளவையே கழிக்கும். ஆகவே தோழனின் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீடு சேர்ப்பது குடிக்கு உடன்படுவது ஆகாது. உயிர் காத்தல் ஆகும். மறுநாள் அதை நால்வரிடம் சொல்லிச் சிரிக்காதிருப்பது உபகூகனம். அந்த மேசையில் தெளிந்த தலை ஒன்று இருந்ததனால் ஒரு குடும்பம் பிழைத்தது எனில், விரதத்துக்கு அதைவிடச் சிறந்த பிரபாவனை வேறில்லை.

தவறியவர் வீடு திரும்பும்போது

இப்பாடத்தைப் படிக்கும் இளைஞர் ஒருவர் ஏற்கெனவே ஒரு வாய் பருகியிருக்கலாம். அவருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல்.

தவறியவர், 'போனது போயிற்று, இனி விரதம் எதற்கு?' என்று எண்ணுவதே அதிசாரத்தை அநாசாரமாக்குகிறது. பிழையை ஒளிக்காமல் பெரியவரிடம் சொல்வது ஆலோசனை. வருந்தி மீள்வது பிரதிக்கிரமணம். கிழிந்த ஆடையைத் தைத்து உடுத்துவதுபோல விரதத்தையும் மீண்டும் ஏற்கலாம்.

பெற்றோர்க்கு ஆசாரியர்கள் வகுத்த கடமை ஸ்திதிகரணம். வழுவியவரை அறத்தில் மீண்டும் நிலைநிறுத்துதல். அது நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று. 'குலத்தைக் கெடுத்தாய், வீட்டுக்குள் வராதே' என்று கதவை அடைத்தால் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவு மதுக்கடையினுடையதே. உண்மையைச் சொன்ன பிள்ளையிடம், 'சொன்னாயே, அது போதும். நாளைக் காலை ஜினாலயம் போவோம் வா' என்று அழைக்கும் தாய் துவாரகையைத் தீயிலிருந்து காக்கிறாள்.

எல்லைச் சாலையில் மதுக்கடைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றைக் கடந்து செல்பவன் கால் தடுமாறாதிருக்க, வீட்டில் ஒரு விளக்கு எரிய வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. எட்டு மூலகுணங்களை இரு ஆசாரியர்களும் எவ்வாறு எண்ணுகின்றனர்?

2. 'பழக்கமில்லை' என்பதற்கும் 'குடிப்பதில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. செய்வித்தல், உடன்படுதல் ஆகியவற்றுக்கு உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

4. உங்கள் வீட்டுப் பிள்ளை தவறிவிட்டதாக வந்து சொன்னால் முதலில் நீங்கள் கூறும் சொல் எதுவாக இருக்கும்? குடும்பத்தார் கூடிப் பேசுக.

அறம் வளர்க!