கல்லாப் பெட்டியருகே ஒரு செம்பு தண்ணீர்

சித்திரை பிறந்துவிட்டால் நம் பகுதிக் கடைத்தெருக்களில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது வணிகர்களின் பழைய வழக்கம். ஆய்க்குடியானாலும் தென்காசியானாலும் கடையநல்லூரானாலும், வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பதைத் தர்மமாகவே நினைக்கிறோம். ஆனால் பந்தல் வைத்த வணிகர் காலை முதல் இரவு வரை எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார் என்று கேட்டால் பதில் வராது. கடனுக்குப் போன கால் கிலோ பருப்புக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம், இதற்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

உடம்பின் வரவு செலவு

சாதாரண வேலை செய்யும் ஒருவரின் உடலிலிருந்து ஒரு நாளில் சுமார் இரண்டரை லிட்டர் நீர் வெளியேறுகிறது. இதில் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராகப் போகிறது. மீதியில் பெரும்பகுதி தோல் வழியாகவும் மூச்சுக் காற்று வழியாகவும் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. வரவுப் பக்கத்தில் சோறு, குழம்பு, காய்கறி, பழம் ஆகியவற்றிலிருந்து முக்கால் லிட்டரும், உணவு செரித்துச் சத்தாக மாறும்போது உடலுக்குள்ளேயே உண்டாகும் நீராகக் கால் லிட்டரும் கிடைக்கின்றன. பாக்கி ஒன்றரை லிட்டரை நாம் குடித்தே ஈடுகட்ட வேண்டும்.

இது வியர்க்காத நாளின் கணக்கு. கோடையில் தகரக் கூரைக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றி இறக்குபவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை போகலாம். எனவே எல்லாருக்கும் ஒரே அளவு என்பது சரியல்ல. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு சுமார் 8 டம்ளர், அதாவது 2 லிட்டர் என்று பொதுவாகச் சொல்கிறது. வெயிலில் உழைப்பவருக்கு இது போதாது. 2022-ல் பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரிடம் நடத்திய ஆய்விலும், நீர்த் தேவை வயது, வேலை, தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது என்றே தெரிந்தது.

குறைந்தால் என்ன நட்டம்?

உடல் எடையில் 2 சதவீத அளவு நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் ஒன்றரை லிட்டர்தான். தலைவலி, எரிச்சல், சோர்வு ஆகியவை கூடவே வருகின்றன. மாலை நேரத்தில் சில்லறை தவறிக் கொடுப்பதும் வாடிக்கையாளரிடம் சிடுசிடுப்பதும் சில நாள் இதனால்கூட இருக்கலாம்.

பெரிய நட்டம் சிறுநீரகத்தில் வருகிறது. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது. அதில் கரைந்துள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. இத்தாலியில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல்முறையாகக் கல் வந்த 199 பேரை இரண்டு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தனர். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தனர். முதல் பிரிவில் 12 சதவீதம் பேருக்கும், இரண்டாவது பிரிவில் 27 சதவீதம் பேருக்கும் மீண்டும் கல் வந்தது. மருந்துச் செலவு ஏதுமின்றி, தண்ணீரால் மட்டும் கிடைத்த ஆதாயம் இது.

தாகம் சொல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும்

தாகம் எடுத்தால் குடிக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது தாகம் நினைவுக்கு வருவதில்லை. வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நாவே வறள்வதில்லை. வியர்வை குறைவது உண்மைதான். ஆனால் மற்றச் செலவுகள் அப்படியே நடக்கின்றன. சீசன் கடைக்காரர்கள் விடியற்காலை முதல் இரவு வரை டீயை மட்டுமே நம்பி நிற்பது நல்லதல்ல. டீயிலும் நீர் உண்டு. அளவோடு குடித்தால் அதுவும் வரவில் சேரும். ஆனால் ஒவ்வொரு டீயோடும் சர்க்கரையும் உள்ளே போகிறது என்பதைச் சர்க்கரை நோயுள்ள வணிகர்கள் மறக்கக் கூடாது.

நம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் மாற்றுத் திறனாளிகளுக்குத் தொண்டாற்றி வருகிறது. அதை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன் 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலருக்குச் சிறுநீர்ப்பை நிறைவது தெரியாது. ஆகவே இத்தனை மணிக்கு இவ்வளவு தண்ணீர் என்று நேரம் குறித்துக் குடிக்கும்படி மருத்துவர்கள் அவர்களுக்குச் சொல்வது வழக்கம். நேரம் பார்த்துக் குடிக்கும் இந்தக் கட்டுப்பாடு நமக்கும் நல்ல பாடம். 2025-ல் தமிழகப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் முறை வந்தது. கடைக்கும் அதுபோல் ஓர் ஏற்பாடு வேண்டும்:

1. காலை எழுந்ததும் 2 டம்ளர்.
2. கடை திறந்ததும் 1 டம்ளர்.
3. 11 மணிக்கு 1 டம்ளர்.
4. மதியச் சாப்பாட்டோடு 1 டம்ளர்.
5. பிற்பகல் 3 மணிக்கு 1 டம்ளர்.
6. மாலை 5 மணிக்கு 1 டம்ளர்.
7. இரவு கடை அடைக்குமுன் 1 டம்ளர்.

டம்ளர் கால் லிட்டர் என்றால் மொத்தம் 2 லிட்டர். வெயிலில் சுமை தூக்குபவர்கள் வேலை நடக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிக்கலாம். அதிகம் வியர்த்தவர்களுக்கு உப்பிட்ட நீர்மோரோ சோற்று நீராகாரமோ மிக நல்லது. ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பது ரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து ஆபத்தாகலாம். இருதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் குறித்த அளவை மீறக் கூடாது.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று அறிய எளிய சோதனை உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் கணக்கு சரி. அடர் மஞ்சளானால் பற்று நிற்கிறது என்று பொருள். வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் நிறம் மாறித் தெரியலாம்.

நம் கடைப் பெண்களின் நிலை

இனிச் சொல்வதை முதலாளிமார்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை என்று பல கடைகளில் பெண்கள் நாள் முழுவதும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம், ஒதுங்க இடம் இல்லை. தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் சேர்ந்தால் நீர்க்கடுப்பும் தொற்றும் வர வழியாகிறது. அடிக்கடி இத்தொற்று வந்த, குறைவாக நீர் அருந்திய 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் முதலில் குரல் எழுப்பியது கழிப்பறை கேட்டுத்தான். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழகத்திலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. தனிக் கழிப்பறைக்கு இடமில்லாத சிறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றைப் பொதுவாக வைத்துக் கொள்ளலாம். ஒவ்வொரு கடைத்தெருவிலும் பெண்களுக்கென ஒன்றை ஒதுக்கித் தரும்படி பேரூராட்சியிடம் சங்கம் மூலம் கேட்கலாம். பராமரிப்புச் செலவைப் பகிர்ந்தால் ஒரு கடைக்கு வருவது பெரிய தொகையல்ல.

தண்ணீர் சுத்தமா?

கேன் தண்ணீர் வாங்குபவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, மூடியின் முத்திரை மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். கேனைக் கடை வாசலில் வெயிலில் அடுக்கக் கூடாது. சந்தேகமான தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கலாம். மண்பானை, செப்புக் குடம் எதுவானாலும் தினமும் கழுவி, மூடி வைத்து, அகப்பையால் மொள்ள வேண்டும். செப்புப் பாத்திரத்தில் மோரோ எலுமிச்சைச் சாறோ வைக்கக் கூடாது.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் வணிகர் தினமான மே 5 வருவதே அக்கினி நட்சத்திரத்தில்தான். அந்த நாளுக்குள் ஒவ்வொரு கடையிலும் கல்லாப் பெட்டியருகே ஒரு செம்பும், ஊழியர்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பானையும், அவர்கள் தயங்காமல் போய்வர ஒரு கழிப்பறையும் இருக்கும்படி செய்வோம். வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கை, கடைக்குள் இருப்பவர்களின் தாகத்தையும் தீர்க்கட்டும்.