நீர்ப்பாசன வேலைகளைத் தரம் பிரித்தல்

பாசன வேலைகளைச் சிறியது, பெரியது என அளவால் பிரிப்பது வழக்கம். ஆயினும் நிர்வாகச் சிரமத்தை அளவு காட்டாது. எத்தனை தரப்பார் இசைந்தால் மதகு திறக்கும் என்பதே காட்டும்.

1955-ஆம் வருஷத்தில் முடிவுற்ற பவானிசாகர் அணை சுமார் 3,280 கோடி கன அடி நீர் கொள்ளும். ஆழியாறு அணை அதில் எட்டிலொரு பங்கும் கொள்ளாது. ஆனால் முன்னதன் ஆயக்கட்டு முழுதும் ஒரே மாநிலத்தில் உள்ளது. பின்னதன் நீரோ, 1970-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி கேரளத்துக்கும் உரியது. மணக்கடவில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி அளந்து விடவேண்டும். ஆகையால் சிறிய அணைக்கே கணக்கும் கண்காணிப்பும் மிகுதி.

கிராமத்திலும் இவ்வாறே மூன்று தரம் கொள்ளலாம்:

1. சொந்தக் கிணறு: எவ்வளவு ஆழமாயினும் ஒருவர் தீர்மானம் போதும்.
2. பங்காளிகளின் கூட்டுக் கிணறு: முறைநாள் குறித்த எழுத்து வேண்டும்.
3. பல ஊர்களுக்குப் பொதுவான வாய்க்கால்: முறைப் பதிவேடும், மடை திறந்து அடைக்கப் பொறுப்பாளரும், வழக்குத் தீர்க்கும் சபையும் வேண்டும்.

மூன்றாந்தர வேலையை முதல்தரம்போல் நடத்தினால் கடைமடைப் பயிர் காயும். ஆதலின் தூர் வாரப் பணம் திரட்டுமுன், முறையை எழுதிக் கையொப்பம் பெறுதல் நலம்.