ஒட்டுப்போட்டே வளர்ந்த அப்பாச்சி

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஃபெடோரா லினக்ஸில் அப்பாச்சி வெப் சர்வரை நிறுவினோம். ஆனால் அது 'எச்டிடிபிடி' என்ற பெயரில்தான் ஓடுகிறது. ஏன் இரண்டு பெயர்? இதை உருவாக்கிய கம்பெனி எது?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அப்பாச்சியை எந்தக் கம்பெனியும் உருவாக்கவில்லை. கவனிப்பாரற்றுப் போன ஒரு சர்வரை, அதை நம்பியிருந்தவர்களே பழுதுபார்த்து வளர்த்தெடுத்தார்கள். நீங்கள் பார்த்த பெயர் அந்தப் பழைய சர்வரின் பெயர்.

'எச்டிடிபி' என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை. கடைசியில் நிற்கும் 'டி' டீமனைக் குறிக்கிறது. யூனிக்ஸில் பின்னணியில் ஓயாமல் ஓடும் புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1990 இறுதியில் எழுதிய முதல் வெப் சர்வருக்கும் இந்தப் பெயர்தான். அது ஓடிய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில், 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் வேறொரு 'எச்டிடிபிடி' எழுதினார். மூலநிரலோடு இலவசமாகக் கிடைத்ததால் அது வேகமாகப் பரவியது. 1994 நடுவில் அவர் அங்கிருந்து விலகினார். வளர்ச்சி தேங்கியது. பிழைகள் அப்படியே கிடந்தன.

தளம் நடத்துகிறவர் காத்திருக்க முடியுமா? அவரவரே நிரலைத் திறந்து திருத்தினார்கள். அந்தத் திருத்தம்தான் பேட்ச். நீக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி போட்ட சின்னக் கோப்பு அது. ஆனால் ஒருவர் அடைத்த ஓட்டை இன்னொருவருக்குத் தெரியாமல் போனது.

1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃபும் கிளிஃப் ஸ்கோல்னிக்கும் இவர்களை மின்னஞ்சல் வழியே ஒன்றுசேர்த்தார்கள். மையக் குழுவில் எட்டுப் பேர். என்.சி.எஸ்.ஏ. 1.3 பதிப்பின்மேல் பேட்ச்களை ஏற்றி, ஏப்ரலில் அப்பாச்சி 0.6.2ஐ வெளியிட்டார்கள்.

அடுத்து, ராபர்ட் தாவ் உள்கட்டமைப்பையே மாற்றி எழுதினார். பழைய சர்வர், கோரிக்கை வந்த பிறகுதான் அதற்கென ஒரு புராசஸைத் தொடங்கும். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த பிறகு சப்ளையருக்கு ஆள் அனுப்புவது போன்றது இது. புதிய அமைப்பில் சில புராசஸ்கள் முன்கூட்டியே தயாராக நிற்கும். இந்த அடித்தளத்தில் 1995 டிசம்பர் 1 அன்று அப்பாச்சி 1.0 வந்தது. 1996 ஏப்ரலில், எந்தத் தளம் எந்த சர்வரில் ஓடுகிறது என்று எண்ணும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் என்.சி.எஸ்.ஏ. சர்வரையே முந்தி முதலிடம் பிடித்தது. இதற்கான சட்ட அமைப்பாக அப்பாச்சி அறக்கட்டளை உருவானது 1999இல்தான்.

ஒரு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட நீங்கள் எழுதும் 'எச்டிஅக்சஸ்' கோப்பும் என்.சி.எஸ்.ஏ. சர்வரிலிருந்து வந்ததே. மூலநிரல் திறந்திருந்ததால்தான், எழுதியவர் போன பிறகும் அந்த சர்வர் சாகவில்லை. உங்கள் ஆய்வகத்தில் ஓடுவதும் திறந்த நிரல்தான். ஒருமுறை அதைத் திறந்து படித்துப் பாருங்கள். பிழை கண்ணில் பட்டால் திருத்தி அனுப்புங்கள். அந்த எட்டுப் பேரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.